உண்டியலை உடைக்காமல் உள்ளே எவ்வளவு?

மண் உண்டியல் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. மண் உண்டியல் இல்லையென்றால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ, மூடியில் கீறல் போட்ட பால் பவுடர் டப்பாவோ இருக்கும். கடையில் தரும் மீதிச் சில்லறை, பேருந்து நடத்துநர் கொடுத்த நாணயம், திருவிழாவில் தாத்தா தந்த பத்து ரூபாய் எல்லாம் அதற்குள் விழுகின்றன. மாதங்கள் செல்கின்றன. ஒரு நாள் வீட்டில் ஒருவர் கேட்கிறார்: “இதில் எவ்வளவு இருக்கும்?”

உடனே ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். அம்மா ஆயிரம் என்பார். தம்பி பத்தாயிரம் என்பான். யார் சொல்வது சரி? “உடைத்து எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்பது எளிய விடை. ஆனால் மண் உண்டியலை ஒரு முறைதான் உடைக்க முடியும். உடைத்த பிறகு “போதவில்லையே” என்று வருந்திப் பயனில்லை. சேர்ந்த பணமும் கை மாறிக் கரைந்துவிடும். உடைப்பதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அந்த வழியில் பயிர் விளைச்சலை அளக்கும் புள்ளியியலும், பட்டு நூலை நிறுக்கும் நெசவாளியின் கணக்கும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கல்வெட்டும் நமக்குத் துணை வருகின்றன. மூன்றுமே காஞ்சிபுரத்தைச் சுற்றிக் கிடைப்பவை அல்லது அங்கே நன்கு பொருந்துபவை. ஆகவே காஞ்சியிலிருந்தே தொடங்குவோம்.

எண்ணாமல் எண்ணுவது

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களுக்குச் சென்றிருக்கிறீர்களா? அங்கே பட்டு நூலை யாரும் மீட்டர் கணக்கில் அளந்து கொடுப்பதில்லை, நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். சரிகையும் எடைக் கணக்கில்தான் வருகிறது. நெய்து முடித்த சேலை திரும்பி வரும்போது அதையும் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். நூலின் நீளம் எடைக்குள் அடங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

பட்டு நூலின் பருமனை ‘டெனியர்’ என்ற அலகால் சொல்வார்கள். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அத்தனை டெனியர். 20 டெனியர் நூல் என்றால் 9,000 மீட்டருக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ நூலின் நீளம் எவ்வளவு? 450 கிலோமீட்டர்! இதை யாராவது அளவுகோல் வைத்து அளக்க முடியுமா? ஒரு துண்டின் எடை தெரிந்தால், மொத்த எடையிலிருந்து மொத்த நீளம் வந்துவிடுகிறது.

நாணயங்களுக்கும் இதுவே விதி. எல்லாம் ஒரே வகை நாணயமாக இருந்தால் எண்ணவே தேவையில்லை. 2011-ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம் எடையுள்ளது. ஒரு கிலோவில் 264 நாணயங்கள் அடங்கும். தராசே கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறது. வங்கிகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை நிறுத்து ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கியே தன் வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

ஆனால் உண்டியலில் எல்லா வகையும் கலந்திருக்கின்றனவே! சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளி ரூபாயின் காலம்

ஒரு காலத்தில் கலந்திருந்தாலும் கவலை இல்லை. 1835-இல் பிரிட்டிஷ் ஆட்சி நாடு முழுமைக்கும் ஒரே வகையான வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். ஒரு தோலா என்பதும் அதே எடைதான். அரை ரூபாய் இதில் சரிபாதி, 5.83 கிராம். கால் ரூபாய் கால்பங்கு. ஆகவே ஒரு பையில் முழு ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய் எந்த விகிதத்தில் கலந்து கிடந்தாலும் பையை நிறுத்தால் போதும், தொகை தெரிந்துவிடும். ஒரு கிலோ வெள்ளி நாணயம் எப்படிக் கலந்திருந்தாலும் சுமார் 86 ரூபாய்தான். நாணயத்தின் மதிப்பை அதிலிருந்த வெள்ளியின் எடை தாங்கி நின்றதால் இது சாத்தியமாயிற்று.

அமெரிக்காவில் அந்தப் பழைய ஒழுங்கின் சுவடு இன்றும் இருக்கிறது. அங்கே 10 சென்ட் நாணயம் 2.268 கிராம், 25 சென்ட் நாணயம் 5.670 கிராம். இரண்டிலும் வெள்ளி போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் எடை விகிதம் மாறவில்லை. இவ்விரண்டும் கலந்த பையை நிறுத்தே மதிப்புச் சொல்லிவிடலாம்.

நம் நாணயங்களின் நிலை வேறு. 2011 வரிசையில் ஒவ்வொரு வகையிலும் ஒரு கிலோவின் மதிப்பைப் பாருங்கள்:

ஒரு ரூபாய் (3.79 கிராம்): கிலோவுக்குச் சுமார் ரூ. 264
இரண்டு ரூபாய் (4.85 கிராம்): சுமார் ரூ. 412
ஐந்து ரூபாய் (6.00 கிராம்): சுமார் ரூ. 833
பத்து ரூபாய் (7.71 கிராம்): சுமார் ரூ. 1,297

ஒரே ஒரு கிலோ. ஆனால் உள்ளே இருப்பதைப் பொறுத்து மதிப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு மாறுகிறது. இன்றைய நாணயத்தின் மதிப்பை உலோகம் தருவதில்லை. அதன் மேல் பொறித்த எண்ணும் அரசின் உறுதிமொழியும் தருகின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1988 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு 50 காசு நாணயம் 22 மில்லிமீட்டர் விட்டமும் 3.79 கிராம் எடையும் கொண்டது. 2011-இன் ஒரு ரூபாய் நாணயமும் அதே விட்டம், அதே எடை! அதுபோல 1992-இல் வந்த ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். தராசு இவற்றைப் பிரித்தறியாது. மதிப்போ இரு மடங்கு. ஆகவே தராசு மட்டும் போதாது, கண்ணும் வேண்டும்.

ஒரு கைப்பிடி மாதிரி

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். உங்கள் உண்டியலைத் தராசில் வைத்தீர்கள். 4 கிலோ 650 கிராம் காட்டுகிறது. அதே அளவுள்ள காலி உண்டியலை நிறுத்தால் 650 கிராம். ஆக நாணயங்களின் எடை 4 கிலோ.

முதலில் எல்லைகளைக் கட்டுவோம். உள்ளே இருப்பவை 2011 வரிசை நாணயங்கள் என்று கொள்வோம். அத்தனையும் ஒரு ரூபாயாக இருந்தால் சுமார் ரூ. 1,055. அத்தனையும் பத்து ரூபாயாக இருந்தால் சுமார் ரூ. 5,190. உண்மை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். பத்தாயிரம் என்ற தம்பியின் ஊகம் இப்போதே அடிபட்டுப் போயிற்று! ஒரு நாணயத்தைக்கூட வெளியே எடுக்காமல் இவ்வளவு தெரிந்துகொண்டோம்.

அடுத்து, உண்டியலைக் கவிழ்த்து, வாயில் ஈர்க்குச்சியோ மெல்லிய அட்டையோ நுழைத்து 50 நாணயங்களை வெளியே எடுங்கள். (இந்தக் கலையில் சிறுவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!) அவற்றில் 22 ஒரு ரூபாய், 13 இரண்டு ரூபாய், 11 ஐந்து ரூபாய், 4 பத்து ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். மதிப்பு: 22 + 26 + 55 + 40 = ரூ. 143. எடை சுமார் 243 கிராம். அதாவது கிராமுக்கு ஏறத்தாழ 59 காசு. நான்காயிரம் கிராமுக்கு? சுமார் ரூ. 2,350.

இதுதான் நம் மதிப்பீடு. ஒரு கைப்பிடியைப் பார்த்து மொத்தத்தைச் சொல்லும் இந்த முறைக்கு ‘மாதிரி எடுத்தல்’ என்று பெயர். ஒரு பருக்கையைப் பார்த்துச் சோறு வெந்ததா என்று சொல்லும் நம் வீட்டுச் சமையல்காரர்கள் இதை நன்கு அறிவார்கள்.

எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் ஊகத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. “2,350” என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது ஊகம். “இது எவ்வளவு தவறக்கூடும்?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் அது மதிப்பீடு.

நீங்கள் எடுத்த 50-இல் பத்து ரூபாய் நாணயம் நான்கு வந்தது. தற்செயலாக ஆறு வந்து, ஒரு ரூபாய் இரண்டு குறைந்திருந்தால்? கணக்கு ரூ. 2,565 ஆகியிருக்கும். இரண்டே நாணயங்கள் விடையை 200 ரூபாய்க்கு மேல் நகர்த்திவிட்டன! புள்ளியியல் முறைப்படி கணக்கிட்டால், 50 நாணய மாதிரியில் பிழை வரம்பு சுமார் 450 ரூபாய் வருகிறது. அதாவது உண்மைத் தொகை ஏறத்தாழ 1,900-க்கும் 2,800-க்கும் இடையில் இருக்கும் என்று இருபதுக்குப் பத்தொன்பது பங்கு நம்பலாம்.

பிழையைக் குறைக்க வேண்டுமா? மாதிரியைப் பெரிதாக்குங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மாதிரியை நான்கு மடங்கு ஆக்கினால் பிழை பாதிதான் ஆகும். 200 நாணயங்கள் எடுத்தால் வரம்பு சுமார் 225 ரூபாய்க்கு இறங்கும். பிழை, மாதிரி அளவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் குறைகிறது. ஆகவே ஓர் அளவுக்குப் பின் உழைப்பு மிகுதி, ஆதாயம் குறைவு.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. காலி உண்டியலின் எடையில் நீங்கள் 100 கிராம் தவறியிருந்தால் என்ன ஆகும்? வெறும் 59 ரூபாய் வித்தியாசம். கையால் செய்த இரண்டு உண்டியல்கள் எடையில் சற்று மாறுவது இயல்புதான். அதற்காக நகைக்கடைத் தராசைத் தேடி அலைய வேண்டாம். அந்த நேரத்தில் இன்னும் ஐம்பது நாணயங்களை எடுத்துப் பாருங்கள். பெரிய பிழை எங்கே இருக்கிறதோ அங்கே முயற்சியைச் செலுத்துவதுதான் அறிவியல் முறை. நம் மாதிரியில் பத்து ரூபாய் நாணயங்கள் எண்ணிக்கையில் 8 விழுக்காடுதான். ஆனால் மதிப்பில் 28 விழுக்காடு; பிழையிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவற்றால் வருவது. அரிதாக வருவதும் விலை மிகுந்ததும் ஒன்றாகச் சேரும்போது மாதிரி தடுமாறுகிறது.

குடம் சொல்லும் பாடம்

மாதிரி பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அது ஒருதலைப்பட்சம் இல்லாமல் இருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை விளக்கப்பட்டுள்ளது. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டுவார்கள். ஓலைகளை நன்கு கலையக் குலுக்குவார்கள். உள்ளே இருப்பது எது என்றறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா?

எவ்வளவு கவனம் பாருங்கள்! குலுக்குவதும், அறியாச் சிறுவன் எடுப்பதும், விரித்த கையும் ஒரே நோக்கத்துக்காகத்தான். எந்த ஓலைக்கும் கூடுதல் வாய்ப்பு கிடைத்துவிடக் கூடாது. இன்றைய புள்ளியியல் ‘சமவாய்ப்பு’ என்று சொல்வது இதைத்தான்.

நம் உண்டியலில் சமவாய்ப்பு கெடும் வழிகள் மூன்று. முதலாவது, கையின் ஆசை. கண்ணாடிப் பாட்டிலில் கைவிட்டு எடுத்தால் விரல்கள் பெரிய, பளபளப்பான நாணயத்தையே நாடும். இரண்டாவது, காலத்தின் அடுக்கு. அடியில் கிடப்பவை பழையவை, மேலே இருப்பவை புதியவை. இருபது ஆண்டு உண்டியல் என்றால் அடியில் 25 காசுகள் இருக்கக்கூடும். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. எடை உண்டு, மதிப்பு இல்லை! 2019 முதல் வந்த புதிய வரிசையில் ஒரு ரூபாயின் எடை 3.09 கிராமாகக் குறைந்திருக்கிறது. மேலே மட்டும் பார்த்து அடியைச் சொல்ல முடியாது.

மூன்றாவது வழி வியப்பானது. “அப்படியானால் நன்றாகக் குலுக்கிவிட்டு மேலிருந்து எடுப்போம்” என்று நினைப்பீர்கள். மிக்சர் டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். பெரிய துண்டுகள் மேலே வரும். பொடி அடிக்குப் போகும். பெரியவற்றின் இடுக்குகள் வழியாகச் சிறியவை நழுவி இறங்குவதே காரணம். நாணயங்களும் அப்படிப் பிரியக்கூடும். ஓலைகள் ஒரே அளவானவை. ஆகவே குடவோலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது, உண்டியலைப் பல முறை தலைகீழாகப் புரட்டி, ஒவ்வொரு புரட்டலுக்குப் பின்னும் சில நாணயங்கள் வீதம் எடுப்பதுதான். பாட்டிலாக இருந்தால் மேல், நடு, அடி ஆகிய மூன்று பகுதிகளிலிருந்தும் எடுங்கள்.

தராசு இல்லையென்றால்?

பாட்டிலின் கொள்ளளவிலிருந்தும் எடையைக் கணிக்கலாம். நாணயங்களுக்கு இடையே காற்று இடைவெளி இருக்கிறதே, அதை எப்படி அறிவது? தண்ணீரைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் நாணயங்களை நிரப்பி, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 400 மில்லிலிட்டர் பிடித்தால், மீதி 600 மில்லிலிட்டர் இடம் உலோகத்துடையது. எஃகு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7.7 கிராம். ஆகவே எடை சுமார் 4.6 கிலோ. முடிந்ததும் நாணயங்களைத் துடைத்து உலர்த்திவிடுங்கள். மண் உண்டியலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; அது தண்ணீரைக் குடித்துவிடும்.

பலர் கூடி ஊகித்தால்?

1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. ஓர் எருதைக் காட்டி, அதை வெட்டித் துப்புரவு செய்தால் எவ்வளவு எடை வரும் என்று போட்டி வைத்தார்கள். வந்த சீட்டுகளில் செல்லத்தக்க 787-ஐப் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் வாங்கி ஆராய்ந்து, 1907-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஊகங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை! ஒருவர் மிகுத்துச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது ஈடுசெய்துவிட்டது.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொருவரும் தனித்தனியே, பிறர் காணாமல் தாளில் எழுத வேண்டும். ஒருவர் உரக்க “மூவாயிரம்!” என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் ஊகங்கள் அதன் பின்னே போகும். அப்போது நாற்பது பேர் இருந்தும் ஒருவர் இருந்ததற்குச் சமம்.

எங்கே மதிப்பிடுவது, எங்கே எண்ணுவது?

இவ்வளவு வசதி இருக்கும்போது, காஞ்சிக் கோயில்களில் உண்டியல் திறக்கும் நாளில் ஏன் அத்தனை பேர் அமர்ந்து ஒவ்வொரு நாணயமாகப் பிரித்து எண்ணுகிறார்கள்? அதிகாரிகள் முன்னிலையில், ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்யும் அந்த உழைப்பு வீணா?

வீண் அன்று. இரண்டு காரணங்கள் உண்டு. கோயில் உண்டியலில் சில்லறையோடு நோட்டும், வெளிநாட்டுப் பணமும், வெள்ளிக் கண்மலரும், தங்கத் தாலியும் விழுகின்றன. ஒரு சிறு தங்கத் துண்டு ஆயிரக்கணக்கான நாணயங்களின் மதிப்பைத் தூக்கிவிடும். அது மாதிரியில் அகப்பட்டால் மதிப்பீடு வானத்துக்கு ஏறும். அகப்படாவிட்டால் தரைக்கு இறங்கும். நம் பத்து ரூபாய் நாணயம் செய்த குறும்பைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக எண்ணிப் பாருங்கள். இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது. அது பிறர் ஒப்படைத்த பொருள். “ஏறத்தாழ இவ்வளவு” என்று கணக்கு எழுதினால், அந்த ஏறத்தாழ என்ற சொல்லுக்குள் எவரும் கைவிட்டு எடுத்துக்கொள்ளலாம். பொதுப் பணத்தையும் வாக்குச் சீட்டையும் ஒன்றுவிடாமல் எண்ணியே ஆக வேண்டும்.

ஆனால் எண்ணவே முடியாதவை உண்டு. 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரான பரப்பையும் விளைச்சலையும் அறிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வயலையும் அளக்க ஆளும் இல்லை, காலமும் இல்லை. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ், சமவாய்ப்பு முறையில் சில இடங்களைத் தேர்ந்து அளந்து, முழு மாகாணத்துக்கும் மதிப்பீடு தந்தார். கூடவே பிழை வரம்பையும் தந்தார். அவருடைய முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. மக்கள் என்ன உண்கிறார்கள், எவ்வளவு செலவு செய்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலை இல்லை என்பதையெல்லாம் நாடு இத்தகைய மாதிரிகள் மூலமே அறிந்து வருகிறது. அரசின் திட்டங்கள் அந்த எண்களின் மேல் நிற்கின்றன. ஆகவே “ஒரு கைப்பிடியை வைத்து நாட்டையே சொல்லிவிட்டார்களே” என்று யாராவது ஏளனம் செய்தால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கைப்பிடியை எப்படி எடுத்தார்கள்? பிழை வரம்பு எவ்வளவு?

வீட்டு உண்டியலுக்கு வருவோம். நம் மதிப்பீடு 1,900 முதல் 2,800 வரை. தறியில் வேலை குறைந்த மாதம் ஒன்றில், ஒரு நெசவாளர் வீட்டில் பிள்ளையின் கட்டணத்துக்கு 1,800 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிந்து உடைக்கலாம். தேவை 3,000 என்றால் உடைக்க வேண்டாம். வேறு வழி பார்ப்பதே மேல். தேவை 2,300 என்றால்? வரம்புக்கு நடுவே வருகிறது. அப்போது இன்னும் நூறு நாணயங்களை ஈர்க்குச்சியால் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மதிப்பீடு என்பது சரியான எண்ணை ஊகித்துப் பரிசு பெறும் விளையாட்டாக மட்டும் இருந்தால் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. எந்த முடிவை இப்போதே எடுக்கலாம், எதற்கு இன்னும் தகவல் வேண்டும் என்று அது காட்டுகிறது. அதுவே அதன் பயன்.

இன்றே உங்கள் வீட்டு உண்டியலை நிறுத்துப் பாருங்கள். எல்லைகளை எழுதுங்கள், மாதிரி எடுங்கள், பிழை வரம்போடு ஒரு தொகையைத் தாளில் குறித்துத் தேதி போட்டு மடித்து வையுங்கள். பின்னர் ஒரு நாள் உண்டியல் உடையும்போது தாளைப் பிரித்து ஒப்பிடுங்கள். உண்மைத் தொகை நீங்கள் கட்டிய வரம்புக்குள் விழுந்திருக்கிறதா?